காட்டு விலங்குக் கதைகளில் விலங்குகள் பேசலாமா?

கேள்வி, ஜூன் 2

எட்டு வயதுப் பையனுக்காகக் காட்டு விலங்குக் கதைகள் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைப்பதில் பெரும்பாலானவற்றில் சிங்கம் தர்பார் நடத்துகிறது, நரி ஏமாற்றுகிறது, கரடி சட்டை போட்டுக்கொண்டு கடைக்குப் போகிறது. இதைப் படித்து வளரும் குழந்தைக்கு நிஜ விலங்கைப் பற்றி என்ன தெரியும்? விலங்குகள் பேசாத கதைகளை மட்டுமே வாங்குவது என்று முடிவு செய்திருக்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

ஜூன் 2, இரவு

எனக்கு இருக்கிறது. பேசுவது பிரச்சினையே இல்லை. பேசும் முயல் முயலாகவே இருக்க முடியும், வாயே திறக்காத பறவை முழுப் பொய்யாகவும் இருக்க முடியும். பல வருடங்களாகக் குழந்தைகளுக்குக் கதை படித்துக் காட்டுகிறேன், கொஞ்சம் எழுதவும் செய்கிறேன். ஒரு கதையைக் கையில் எடுத்ததும் நான் பார்ப்பது அந்த விலங்குக்கு என்ன வேண்டும் என்பதைத்தான். எதைத் தின்னும், எதற்குப் பயப்படும், எந்தப் பருவத்தில் குட்டி போடும், எதை முகர்ந்து தெரிந்துகொள்ளும், கதை இதிலிருந்து கிளம்புகிறதா? அப்படிக் கிளம்பினால் அது பேசட்டும், பாடட்டும், எனக்குக் கவலையில்லை. பரீட்சை பயத்திலிருந்தோ தம்பி மேல் வந்த பொறாமையிலிருந்தோ கிளம்பி, மேலே கரடித் தோல் மட்டும் போர்த்தியிருந்தால் அது மனிதக் கதை. மனிதக் கதையாக அது அருமையாகவும் இருக்கலாம். காட்டைத் தெரிந்துகொள்ள அதில் ஒன்றும் கிடைக்காது, அவ்வளவுதான்.

ஜூன் 3

"பேசாத பொய் விலங்கைக் காட்டுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்க ஜனாதிபதி வரை போன சண்டை அது.

1898இல் எர்னஸ்ட் தாம்சன் சீட்டன் 'நான் அறிந்த காட்டு விலங்குகள்' என்று பொருள்படும் ஒரு கதைத் தொகுப்பை வெளியிட்டார். இவை உண்மைக் கதைகள் என்று முன்னுரையிலேயே சொல்லியிருந்தார். சட்டை போட்ட கரடி எதுவும் அதில் கிடையாது. ஆனால் சங்கிலியில் கட்டப்பட்ட தன் குட்டியை மீட்க முடியாத தாய் நரி, கடைசியில் அதற்கு விஷத்தைக் கொண்டுவந்து கொடுத்துக் கொன்றுவிடுகிற கதை அதில் இருக்கிறது. அடிமை வாழ்வை விடச் சாவு மேல் என்று ஒரு நரி தீர்மானிக்கிறதாம், அதற்கு விஷம் எது என்றும் தெரிகிறதாம்! வில்லியம் ஜே. லாங் என்ற இன்னொருவர் இன்னும் மேலே போனார். உடைந்த காலுக்குத் தானே களிமண்ணில் மாவுக்கட்டு போட்டுக்கொண்ட ஒரு பறவையைக் கண்ணால் பார்த்ததாகவே எழுதினார். அந்தப் பறவை ஒரு வார்த்தை பேசவில்லை.

1903இல் ஜான் பரோஸ் என்ற மூத்த இயற்கை எழுத்தாளர் பொறுக்க முடியாமல் ஒரு பத்திரிகையில் நீண்ட கட்டுரை எழுதி இருவரையும் வாங்கு வாங்கு என்று வாங்கினார். சீட்டன் தன் புத்தகத்துக்கு 'நான் மட்டுமே அறிந்த காட்டு விலங்குகள்' என்று பெயர் வைத்திருக்க வேண்டும் என்றார். சண்டை ஓயவில்லை. 1907இல் ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட்டே வெளிப்படையாக பரோஸ் பக்கம் பேசினார். குழந்தைகள் படிக்கிற கதையில் விலங்கை எப்படிக் காட்டுவது என்பதற்காக ஒரு ஜனாதிபதி வாதாட வந்தார் என்பது எனக்கு இன்றைக்கும் சந்தோஷமாக இருக்கிறது.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம், 1972இல் வந்த ரிச்சர்டு ஆடம்ஸின் முயல் நாவல். அதில் முயல்கள் ஓயாமல் பேசும், தங்களுக்கென்று புராணமே வைத்திருக்கும். ஆனால் ஆர். எம். லாக்லி என்ற இயற்கையியலாளர் முயல்களின் வாழ்க்கை பற்றி 1964இல் எழுதிய நூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆடம்ஸ் எழுதினார். ஆபத்துக்குப் பயந்து கிளம்பிய ஆண் முயல்கள் நல்ல மேடாகப் பார்த்துக் குடியேறுகின்றன. அப்புறம்தான் உறைக்கிறது, பெண் முயல் இல்லாமல் இந்தக் குடியிருப்பு ஒரு தலைமுறையோடு முடிந்துவிடும் என்று. நாவலின் மீதிக் கதை பெரும்பாலும் அந்த ஒரு தேவையிலிருந்துதான் பிறக்கிறது. எட்டு வயதுக்குக் கொஞ்சம் கனம், பன்னிரண்டுக்குச் சரியாக இருக்கும்.

ஜூன் 4

சீட்டனை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. அவர் பின்னாளில் வட அமெரிக்கப் பாலூட்டிகளைப் பற்றிப் பெரும் தொகுதிகளாக எழுதினார். பரோஸின் பெயரில் நிறுவப்பட்ட பதக்கமே அவருக்குக் கிடைத்தது. அவர் கதைகளில் ஓநாய்க்காகவும் காகத்துக்காகவும் அழுத குழந்தைகள் எத்தனை பேர் இருப்பார்கள்! ஒரு ஓநாயை முதல்முறையாகக் குழந்தைக்கு எதிரி இல்லாமல் ஆக்கியது பெரிய காரியம். அதைச் செய்ய விஷம் கொடுக்கிற நரி தேவைப்பட்டிருக்காது என்பதுதான் என் வருத்தம்.

ஜூன் 6

குழந்தைக் கதைகளில் அதிகம் வருகிற கதை எது என்று யோசித்தேன். தொலைந்துபோன குட்டி அம்மாவைத் தேடிப் போவது. யானைக்குட்டி தேடும், வாத்துக்குஞ்சு தேடும், அதெல்லாம் சரி. கடலாமைக் குஞ்சும் தேடுகிறது. அங்கேதான் எனக்கு இடிக்கிறது. கடலாமை மணலில் குழி தோண்டி முட்டையிட்டு மூடிவிட்டுக் கடலுக்குப் போய்விடும். குஞ்சு வெளியே வரும்போது அம்மா அங்கே இருக்காது, வரவும் வராது. குஞ்சு தேடுவது அம்மாவை இல்லை, கடலுக்கு மேலே இருக்கிற வெளிச்சத்தை. அதனால்தான் கரையோர மின்விளக்குகள் அதை வழிதவற வைக்கின்றன. நிஜமான கதை இங்கேயே இருக்கிறது: யாரும் சொல்லித்தராமல் ஓடுகிறது, நண்டும் பறவையும் துரத்துகின்றன, தண்ணீரைத் தொட்டதும் நீந்துகிறது. பல வருடம் கழித்துப் பூமியின் காந்தப்புலத்தை வைத்து வழி கண்டுபிடித்து, தான் பிறந்த கரைப்பக்கமே முட்டையிடத் திரும்புகிறது. இதை விட்டுவிட்டு எதற்கு இல்லாத அம்மாவைத் தேடவிட வேண்டும்?

பெரும்பாலான பாம்புக்குட்டிகளுக்கும் இதே நிலைதான், மீன்களில் பலவற்றுக்கும் அப்படியே. வேடிக்கை என்னவென்றால், கதைகளில் வில்லனாக வருகிறவர்கள்தான் நல்ல அம்மாக்கள். தேள் தன் குட்டிகளை முதுகில் ஏற்றிக்கொண்டு அலையும். ஓநாய்ச் சிலந்தி முட்டைப்பையைப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போகும், பொரிந்ததும் அத்தனையையும் முதுகில் சுமக்கும். முதலை அதற்கும் மேலே, அதைத் தனியாக எழுத வேண்டும்.

ஜூன் 6, பின்னிரவு

ஆக்டோபஸை விட்டுவிட்டேன். தாய் ஆக்டோபஸ் முட்டைகளைக் காத்துக்கொண்டு, அவற்றின் மேல் தண்ணீரை வீசிச் சுத்தமாக வைத்துக்கொண்டு, இரை தேடப் போகாமல் கிடந்து மெலிந்து, குஞ்சு பொரிகிற நேரத்தில் செத்துப்போகும். தன் அம்மாவிடம் ஒன்றைக் கற்றுக்கொண்ட ஆக்டோபஸ் கிடையாது. இதை அக்கா மகளிடம் சொன்னேன், அழப்போகிறாள் என்று நினைத்தேன். "அப்ப அத யாரு குளிக்கச் சொல்லுவாங்க?" என்று கேட்டாள். நான் பதில் தேடுவதற்குள் அவளே, "அது குளிச்சிக்கிட்டேதான இருக்கு" என்று முடித்துவிட்டாள்.

ஜூன் 9

ராஜா, தலைவன், அதிகாரம். காட்டுக் கதைகளில் இது இல்லாத கதையைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

ஓநாயை எடுத்துக்கொள்ளுங்கள். சண்டை போட்டு ஜெயித்தவன் தலைவன் என்ற படம் 1947இல் ருடால்ஃப் ஷெங்கல் என்ற ஆய்வாளர், அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து வந்தது. டேவிட் மெக் 1970இல் எழுதிய புத்தகம் அதை உலகம் முழுக்கப் பரப்பியது. பிறகு அதே மெக் காட்டு ஓநாய்களை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்து, 1999இல் தெளிவாக எழுதினார்: காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு குடும்பம், அப்பா அம்மா பிள்ளைகள், அவ்வளவுதான். முன்னால் போகிறது அப்பா அம்மா என்பதால் போகிறது. தன் பழைய புத்தகத்தை அச்சிடுவதை நிறுத்தச் சொல்லிப் பதிப்பாளரிடம் பல காலம் கேட்டுக்கொண்டிருந்தார் மனிதர். கதைகளுக்கு இன்னும் அந்தச் செய்தி வந்து சேரவில்லை. அண்ணன் ஓநாய் தம்பிக் குட்டிகளுக்கு இரையைக் கக்கி ஊட்டுகிற வீடு அது. ஒரு வயது நிரம்பிய ஓநாய் வீட்டை விட்டுத் தனியாகத் துணை தேடிப் போகிற கதை ஒன்று யாராவது எழுதினால் முதல் பிரதி எனக்கு வேண்டும்.

சிங்க ராஜா, கேடுகெட்ட கழுதைப்புலி. ஹான்ஸ் க்ரூக் என்ற விலங்கியலாளர் 1960களில் ஆப்பிரிக்கப் புல்வெளிகளான செரெங்கெட்டியிலும் கோரோங்கோரோவிலும் இரவுகளில் வண்டியில் பின்தொடர்ந்து பார்த்தபோது, புள்ளிக் கழுதைப்புலிகள் தங்கள் இரையில் பெரும்பகுதியைத் தாங்களே வேட்டையாடுவது தெரிந்தது. காலையில் சிங்கம் தின்றுகொண்டிருக்கும், சுற்றிக் கழுதைப்புலிகள் நின்றுகொண்டிருக்கும், பார்க்கிறவர்கள் யார் திருடன் என்று முடிவுகட்டிவிடுவார்கள். பல நேரம் பறித்தது சிங்கம்தான்.

யானைதான் எனக்கு ரொம்ப முக்கியம். கூட்டத்துக்கு முன்னால் தந்தம் வைத்த பெரிய ஆண் யானை போகிற மாதிரி எத்தனை படங்கள்! கூட்டத்தை நடத்துவது வயதான பெண் யானை. ஆண்கள் பதின்வயதில் கிளம்பிவிடும். 1993இல் தான்சானியாவின் தாரங்கிரே தேசியப் பூங்காவில் கடும் வறட்சி, நிறையக் குட்டிகள் செத்தன. பூங்காவை விட்டு வெளியே போன கூட்டங்களில் சாவு குறைவாக இருந்தது, உள்ளேயே தங்கிய கூட்டத்தில் அதிகம். வெளியே போன கூட்டங்களில் வயதான பெண் யானைகள் இருந்தன. தங்கிய கூட்டத்தின் மூத்தவற்றை முன்பே தந்தத்துக்காகக் கொன்றிருந்தார்கள். 1958 முதல் 1961 வரை வந்த பழைய வறட்சியை அந்தக் கிழவிகள் சின்ன வயதில் பார்த்திருந்ததால் எங்கே போவது என்று தெரிந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இதில் என்ன சேர்க்க வேண்டும் சொல்லுங்கள்? பாட்டி, ஞாபகம், தாகம், நடை. வேடன்கூட இருக்கிறான். தாராளமாகப் பேசட்டும் அந்தப் பாட்டி.

ஜூன் 10

"அப்போ பஞ்சதந்திரத்தைத் தூக்கிப் போட வேண்டியதுதானா?" இல்லை. பஞ்சதந்திரம் இளவரசர்களுக்கு ஆட்சியும் பிழைப்பும் சொல்லித்தர வந்தது. அதில் சிங்கம் அரசன், நரி அமைச்சன், எல்லோரும் மனிதர்கள்தான், அது அப்படித்தான் தன்னைக் காட்டிக்கொள்கிறது. குழந்தைக்கும் அது புரிகிறது. அதைக் காட்டைப் பற்றிய கதை என்று நாம்தான் அலமாரி மாற்றி வைக்கிறோம்.

தாகமுள்ள காகம் கதையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 2009இல் கிறிஸ்டோபர் பேர்டும் நேதன் எமரியும் ரூக் என்ற காக இனத்துக்கு, எட்டாத தண்ணீரில் ஒரு புழுவை மிதக்கவிட்டு, பக்கத்தில் கற்களை வைத்தார்கள். அவை கல்லைப் போட்டுத் தண்ணீரை உயர்த்திப் புழுவை எடுத்தன. பெரிய கல் சீக்கிரம் வேலையை முடிக்கும் என்பதையும் பிடித்துக்கொண்டன. அந்தக் காகக் கதையை இப்போது படித்துக் காட்டும்போது இதையும் சேர்த்துச் சொல்கிறேன், பிள்ளைகள் கண்ணில் அப்படி ஒரு சந்தோஷம். கதையில் ஆந்தைக்குத்தான் அறிவாளிப் பட்டம். நிஜத்தில் அந்தப் பெரிய தலையில் கண்ணும் காதும் நிறைய இடம் பிடித்திருக்கின்றன. கண்ணை உருட்ட முடியாது, அதனால்தான் கழுத்தை அவ்வளவு தூரம் திருப்புகிறது. இரண்டு காதும் ஒரே உயரத்தில் இல்லாத ஆந்தைகள் உண்டு, இருட்டில் எலி எங்கே ஓடுகிறது என்பது அந்த வித்தியாசத்தில் தெரிந்துவிடும். அறிவாளி என்பதைவிட இது எனக்கு மேலாகத் தெரிகிறது.

ஜூன் 13

முதல் குறிப்பில் பேசுவது பிரச்சினையே இல்லை என்று எழுதினேன். அதைக் கொஞ்சம் வயது பார்த்துச் சொல்ல வேண்டும்.

2014இல் பாட்ரிசியா கானியாவும் உடன் ஆய்வாளர்களும் மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு, அவர்களுக்குப் பழக்கமில்லாத விலங்குகளைப் பற்றிய படப்புத்தகங்களைப் படித்துக் காட்டினார்கள். ஒரு வகையில் விலங்கு உள்ளபடியே, இன்னொரு வகையில் மனிதரைப் போலப் பேசிக்கொண்டு. மனிதத்தனமான மொழியில் கேட்ட குழந்தைகள் அந்த விலங்கைப் பற்றிய தகவல்களைக் குறைவாகக் கற்றார்கள், நிஜ விலங்குக்கும் மனிதக் குணங்கள் இருப்பதாக அதிகம் சொன்னார்கள். இது கேள்வி கேட்டவர் பக்கம் நிற்கிற சான்று, மறைக்க மாட்டேன். ஆனால் அவர்கள் முன்பின் பார்த்திராத விலங்குகள் அவை, குழந்தைகளும் மிகச் சின்னவர்கள். எட்டு வயதுக்காரன் வேறு ஆள். முயல் பேசாது என்று அவனுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாதது முயல் எதற்காகப் பின்காலால் தரையைத் தட்டுகிறது என்பது. அவனைக் கதை ஏமாற்றினால் அந்த இடத்தில்தான் ஏமாற்றும்.

ஆகவே மூன்று நான்கு வயதுக்கு நானும் நேரான புத்தகத்தையே தேடுவேன், அதுவும் முதல்முறை பார்க்கிற விலங்கு என்றால். பூனையும் காக்கையும் பேசினால் அந்த வயதில்கூட அவ்வளவு கெடுதல் வரும் என்று தோன்றவில்லை, ஜன்னலுக்கு வெளியே அசல் நிற்கிறதே.

ஜூன் 14

படங்களைப் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. பாம்புக்கு இமை கிடையாது, தூங்கும் பாம்பைக் கண் மூடி வரையக்கூடாது. எறும்பின் ஆறு காலும் நடு உடம்பில்தான் முளைக்கும், பின்னால் உருண்டையாக இருக்கிற வயிற்றில் கால் வரைந்தால் எறும்பு நடக்கவே முடியாது. பென்குயினும் பனிக்கரடியும் ஒரே பக்கத்தில் கட்டிப்பிடித்து நிற்கின்றன, ஒன்று தெற்கு, இன்னொன்று வடக்கு. வேலைக்காரத் தேனீ ஆணாக வருவதை எங்கே பார்த்தாலும் நான் படிக்கும்போதே மாற்றிப் படித்துவிடுவேன். தேன் சேர்ப்பது, கூடு காப்பது, கொட்டுவது எல்லாம் பெண்கள்தான், ஆண் தேனீக்குக் கொடுக்கே இல்லை. ஓவியர்களைக் குறை சொல்லவில்லை. பல நேரம் அவர்கள் கையில் கொடுக்கப்படுவது கதை மட்டும்தான், விலங்கு இல்லை.

ஜூன் 18

சாவைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே ஆரம்பிக்கிறேன்.

ஒரு கதையில் சிறுத்தை ஒரு மானைப் பிடித்துத் தன் குட்டிகளுக்குக் கொண்டுவருவதாக எழுதியிருந்தேன். பார்த்த பதிப்பாசிரியர், கடைசியில் சிறுத்தை மனம் மாறி மானை விட்டுவிட்டுப் பழம் தின்னுவதாக முடிக்கலாமே என்றார். அவர் கெட்டவர் இல்லை, குழந்தை பயந்துவிடும் என்று அக்கறையாகத்தான் சொன்னார். ஆனால் பழம் தின்கிற சிறுத்தையின் குட்டிகள் செத்துவிடும். அந்தச் சாவு பக்கத்தில் அச்சாகாது என்பதால் அது கருணை ஆகிவிடுமா? நான் ஒத்துக்கொள்ளவில்லை, கதையும் அங்கே வரவில்லை.

குழந்தைகளோடு நான் செய்து பார்ப்பது இது. ஒரு நாள் சிவிங்கிப்புலித் தாயின் பக்கத்திலிருந்து கதை. தனியாக ஐந்து குட்டிகளை வளர்க்கிறாள், துணை கிடையாது. வேகமாக ஓடுவாள், ஆனால் கொஞ்ச தூரம்தான். ஓடி முடித்ததும் மூச்சு வாங்கிக்கொண்டு கிடப்பாள், அதற்குள் சிங்கமோ கழுதைப்புலியோ வந்தால் பிடித்ததை அப்படியே விட்டுவிட்டுப் போக வேண்டும். பிள்ளைகள் எல்லோரும் "பிடி, பிடி" என்று கத்துவார்கள். அடுத்த முறை அதே புல்வெளி, அதே ஓட்டம், கதை மட்டும் மான்குட்டியின் பக்கத்திலிருந்து. "ஓடு, ஓடு" என்று கத்துவார்கள். பாதியில் ஒருத்திக்குப் புரிந்துவிடும், போன வாரம் நாம் யாருக்காகக் கத்தினோம் என்று. கொஞ்ச நேரம் ஒரே சண்டை நடக்கும். அந்தச் சண்டையில் நான் தலையிடுவதில்லை. ஒரு பையன் இரண்டு பேருக்கும் ஒரு தீர்வாக, சிவிங்கிப்புலி ஏற்கெனவே செத்துப்போன மானைச் சாப்பிடட்டும் என்றான். இன்னொருத்தி, "அது எப்படி செத்துச்சு?" என்று கேட்டாள். இப்படி ஒரு கேள்வியை என்னால் எழுதியிருக்க முடியாது.

ஒன்று மட்டும் கவனமாக இருப்பேன். வேட்டையாடுகிற விலங்கு கோபத்தில் கொல்வதாக எழுத மாட்டேன். அதற்குப் பசி இருக்கிறது, வன்மம் இல்லை. பெரும்பாலான வேட்டைகள் தோல்வியில் முடிகின்றன என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் புலி என்றால் நினைத்ததும் பிடித்துவிடுகிற இயந்திரம் என்று ஆகிவிடும்.

ஜூன் 19

மான் பற்றி எழுதியதும் நினைவுக்கு வந்தது. மான் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியாது. நமக்குப் பளீரென்று எரிகிற புலியின் ஆரஞ்சு நிறம் அதற்குப் பச்சைப் புதரோடு கலந்துவிடும். அப்படியானால் மானின் கதையில் 'செக்கச் சிவந்த நெருப்பு போல ஒரு புலி' என்று எழுத முடியாது. அந்த மானுக்குத் தெரிவது புதரில் ஒரு அசைவு, காற்றில் ஒரு வாடை, மேலே ஒரு குரங்கின் கத்தல். இப்படி எழுதினால் காட்சி கெடவில்லை, இரண்டு மடங்கு பயமாக ஆகிவிட்டது. எழுதுகிறவர்கள் ஒரு பக்கத்தை நிறமே சொல்லாமல், வாசனையையும் சத்தத்தையும் மட்டும் வைத்து எழுதிப் பாருங்கள். உடனே விலங்கு வந்து உட்கார்ந்துவிடும்.

ஜூன் 23

இந்த இழையில் நான் எழுதியதிலெல்லாம் இதைத்தான் நீங்கள் கட்டாயம் படிக்க வேண்டும்.

குழந்தை ஒரு காட்டுக்குட்டியைக் கண்டெடுக்கிறது, வீட்டுக்குக் கொண்டுவருகிறது, பால் கொடுத்து வளர்க்கிறது, அது நண்பனாகிறது. இந்தக் கதை அழகானது, எனக்கும் சின்ன வயதில் உயிர். ஆனால் பேசும் சிங்கத்தால் வராத கெடுதல் இதனால் வருகிறது, ஏனென்றால் இதைக் குழந்தை மறுநாளே செய்து பார்க்க முடியும். இறகு முளைத்துப் பறக்கப் பழகுகிற குஞ்சு சில நாட்கள் தரையில் தத்திக்கொண்டு திரிவது இயல்பு. தாயும் தகப்பனும் பக்கத்துக் கிளையிலிருந்து வந்து ஊட்டிக்கொண்டுதான் இருக்கும், நாம் நிற்பதால் இறங்காமல் இருக்கும். பல மான் இனங்களில் தாய் குட்டியைப் புல்லுக்குள் அசையாமல் படுக்கவைத்துவிட்டு மேயப் போகும். தனியாகக் கிடக்கிற குட்டி அநாதை இல்லை. அதைத் தூக்கி வருகிறவர்தான் அதை அநாதை ஆக்குகிறார்.

இதோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு பொய்யும் கதைகளில் திரிகிறது: மனிதக் கை பட்ட குஞ்சைத் தாய்ப்பறவை ஒதுக்கிவிடும் என்பது. ஒதுக்காது. இறகே முளைக்காத குஞ்சு கீழே விழுந்து கிடந்து, கூடு எட்டுகிற உயரத்தில் இருந்தால், எடுத்துத் திரும்ப வைத்துவிடலாம். ஒதுக்கிவிடும் என்று நம்புவதால்தான் எத்தனையோ குஞ்சுகள் அட்டைப்பெட்டிக்குள் போய்ச் சேர்கின்றன. எங்களிடம் கதை கேட்க வருகிற ஒரு சிறுமி அப்படி ஒரு மைனாக்குஞ்சை வீட்டில் வைத்திருந்தாள். எங்கே கிடைத்தது என்று கேட்டு, அதே மரத்தடியில் கொண்டுபோய் விட்டு, எல்லோரும் தள்ளி உட்கார்ந்தோம். பெரிய மைனா வரத்தான் செய்தது. ஒரு கதைப் புத்தகத்தில்தான் அவள் எடுத்து வளர்க்கக் கற்றிருந்தாள்.

மனிதர் காட்டுக்குட்டியை வளர்க்கிற கதைதான் வேண்டும் என்றால், நிஜத்திலேயே அற்புதமான ஒன்று இருக்கிறது. வட அமெரிக்காவின் ஹூப்பிங் கொக்கு என்ற வெள்ளைப் பெருங்கொக்கு, 1941இல் மொத்தமே இருபது சொச்சம்தான் மிஞ்சியிருந்தது. பிற்பாடு அவற்றைப் பெருக்குவதற்காகக் குஞ்சுகளை மனிதர்கள் வளர்க்க வேண்டி வந்தது. குஞ்சு மனிதனைப் பெற்றோராக மனதில் பதித்துக்கொண்டால் காட்டில் பிழைக்காது. அதனால் வளர்த்தவர்கள் தலை முதல் கால் வரை வெள்ளை அங்கி போட்டு முகத்தை மறைத்துக்கொண்டார்கள், கையில் கொக்குத்தலைப் பொம்மையை மாட்டி அதன் அலகால் இரை எடுக்கக் காட்டினார்கள், குஞ்சுகளின் காதுபட ஒரு வார்த்தை பேசவில்லை. 2001 முதல் பல ஆண்டுகள் சிறு விமானங்களில் முன்னால் பறந்து, இளம் கொக்குகளுக்கு வலசைப் பாதையே காட்டினார்கள். ஆசையாக வளர்க்கிற ஒருவர், அந்தக் குஞ்சு தன் முகத்தை ஒரு தடவைகூடப் பார்த்துவிடக் கூடாது என்று பாடுபடுகிறார்! எட்டு வயதுப் பையனுக்கு இதைவிட நல்ல நட்புக் கதை எனக்குத் தெரியவில்லை.

ஜூன் 24

ஆமாம், காயம்பட்ட விலங்கு வேறு விஷயம். அதைத் தெரிந்தவர்களிடமோ வனத்துறையிடமோ சேர்க்க வேண்டும், கதையும் அப்படியே எழுதலாம். சேர்த்த பிறகு கூண்டுக்கு வெளியே காத்திருக்கிற குழந்தையின் கதையில் போதுமான தவிப்பு இருக்கிறது.

ஜூன் 28

குயிலைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், காகத்தின் கூட்டில் திருட்டுத்தனமாக முட்டையிடுவதைக் குழந்தையிடம் எப்படிச் சொல்வது என்று. திருட்டு என்ற எண்ணம் நம்முடையது. அப்படியே சொல்லுங்கள்: ஆண் குயில் கத்திக் காகத்தின் கவனத்தைத் திருப்புவதுண்டு, பழுப்பு நிறத்தில் புள்ளி போட்ட பெண் குயில் அந்த நேரத்தில் கூட்டுக்குள் போகும். பாடுகிறவன் ஆண், இது நிறையக் கதைகளில் தலைகீழாக இருக்கிறது. ஐரோப்பாவின் குக்கூ இன்னும் கடுமை. அதன் குஞ்சு கண் திறக்கும் முன்பே கூட்டிலிருக்கிற மற்ற முட்டைகளை முதுகில் ஏற்றி வெளியே தள்ளிவிடும். இதைக் கவனித்து 1788இல் எழுதியவர் எட்வர்டு ஜென்னர், பின்னால் பெரியம்மைக்குத் தடுப்பூசி கண்டுபிடித்த அதே ஜென்னர். குழந்தைகளிடம் சொன்னபோது அவர்கள் குக்கூவைத் திட்டவில்லை, "கண்ணே தெரியாம எப்படித் தள்ளும்?" என்றுதான் கேட்டார்கள். அவர்களுக்கு முதலில் வருவது ஆச்சரியம், தீர்ப்பை நாம் கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.

கேள்வி கேட்டவர் பையனுக்கு முயல் கதை, யானைக் கதை இரண்டையும் வாங்கப்போவதாக எழுதியிருக்கிறார். ரொம்ப மகிழ்ச்சி. பேசுகிறதா இல்லையா என்று பார்க்காமல், முதல் ஐந்து பக்கத்துக்குள் அந்த விலங்கு எதையாவது தின்கிறதா என்று பாருங்கள்.

ஜூலை 1

முதலை. இப்போது எழுதிக்கொண்டிருப்பது இதைத்தான். முட்டைக்குள்ளிருந்தே குஞ்சுகள் கத்தும், ஒன்று கத்தினால் மற்றவையும் கத்தும், ஏறக்குறைய ஒரே சமயத்தில் பொரியும். அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தாய் வந்து மண்ணைத் தோண்டும். எருமையின் எலும்பை நொறுக்குகிற அதே தாடையில் குஞ்சுகளைக் கவ்வித் தண்ணீருக்குக் கொண்டுபோகும், ஒரு கீறல்கூட விழாது. வெளியே வர முடியாமல் திணறுகிற முட்டையை நாக்கில் வைத்து மெதுவாக உருட்டி உடைத்து விடுவதும் உண்டு. முட்டை இருந்த மண்ணின் சூடு எவ்வளவோ அதைப் பொறுத்துத்தான் குஞ்சு ஆணா பெண்ணா என்பது.

கதையை முட்டைக்குள்ளிருந்து தொடங்கியிருக்கிறேன், இரண்டு குஞ்சுகள் ஓட்டுக்குள்ளிருந்தபடியே பேசிக்கொள்கின்றன. என் சிக்கல் அந்த முதல் சத்தம். பதிவுகளில் கேட்டால் எனக்குத் தவளைக்கும் நாய்க்குட்டிக்கும் நடுவில் ஏதோ ஒன்றாகப் படுகிறது, எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. நேரில் கேட்டவர்கள் யாராவது இருந்தால், உங்கள் காதுக்கு அது எப்படிக் கேட்டது என்று அப்படியே எழுதுங்கள்.